பொறித்த எழுத்தும் பூசிய காப்பும்

மரப்பலகையில் லேசர் ஒளியைக் கொண்டு தமிழ் எழுத்துகளைப் பொறிக்கும் வழக்கம் இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பரவலாகக் காணப்படுகிறது. வீட்டு வாயிற்பலகை, திருமண நினைவுப் பரிசு, பள்ளிகளில் வழங்கும் கேடயம், நன்கொடையாளர் பெயர்ப்பலகை, குறட்பா தாங்கிய சுவர்ப்பலகை எனப் பல வடிவங்களில் தமிழ் மரத்தில் ஏறியிருக்கிறது. பொறித்துத் தருவோர் பலர் உளர். பொறித்தபின் அவ்வெழுத்தைக் காக்கும் முறையை எடுத்துரைப்போர் சிலரே.

மொழியியல் பயின்ற நாம் மரவேலையைப் பற்றிப் பேசுவது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். மரத்தின் மேல் ஏற்படும் தேய்மானம் மரத்தை மட்டும் தாக்குவதில்லை, எழுத்தையும் தாக்குகிறது. தமிழில் ஒரு புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும். ‘பல்’ என்பது ‘பல’ ஆகும்; ‘கல்’ என்பது ‘கல’ ஆகும்; ‘மண்’ என்பது ‘மண’ ஆகும். எனவே மரத்தில் பொறித்த தமிழைக் காப்பது தச்சர்க்கு மட்டுமன்றித் தமிழ் படிப்பவர்க்கும் உரிய பொருளாகிறது.

பொறி என்னும் சொல்

தமிழில் ‘பொறி’ என்னும் சொல் பல பொருள் தரும். தீப்பொறி என்பதில் அது நெருப்புத் துளியைக் குறிக்கும். அடையாளம், புள்ளி, எழுத்து என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. இயந்திரத்தையும் பொறி என்கிறோம். இப்பொருள்கள் அனைத்தும் ஒருங்கே பொருந்தும் தொழிலாக லேசர் பொறிப்பு அமைந்திருப்பது நமக்கு வியப்பைத் தருகிறது. இயந்திரமாகிய பொறி, தீப்பொறி போன்ற வெப்பத்தால், புள்ளி புள்ளியாக எழுத்தைப் பொறிக்கிறது.

மரவேலைக்குப் பெரிதும் பயன்படுவது கரியமில வாயு லேசர் ஆகும். அதன் ஒளி 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் உடையது, கண்ணுக்குப் புலப்படாதது. மரம் அவ்வொளியை நன்கு உறிஞ்சிக்கொள்ளும். ஒளி குவியும் இடத்தில் மரத்தின் ஒரு பகுதி ஆவியாகி நீங்குகிறது. எஞ்சிய பகுதி கரியாகிறது. இவ்வாறு ஒரு பள்ளமும் அப்பள்ளத்தின் உள்ளே கருநிறமும் உண்டாகின்றன. எழும் புகையிலுள்ள பிசின் சுற்றியுள்ள மரத்தின்மீது பழுப்புக் கறையாகப் படிகிறது. பள்ளத்தினுள் இருக்கும் கரி உறுதியற்றது. விரலால் தேய்த்தால் விரலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே லேசர் நின்றவுடன் எழுத்து முற்றுப்பெற்றது எனக் கொள்வது பொருந்தாது.

வேறுபாடே எழுத்து

ஓர் ஒலி மற்றோர் ஒலியினின்று வேறுபடுவதாலேயே பொருள் பிறக்கிறது என்பது மொழியியலின் அடிப்படைப் பாடம். பொறித்த எழுத்துக்கும் இது பொருந்தும். பள்ளத்துக்கும் அதைச் சூழ்ந்த மேற்பரப்புக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத்தான் நம் கண் எழுத்தாகப் படிக்கிறது. அவ்வேறுபாடு இருவகைப்பட்டது: ஒன்று உயர்வு தாழ்வு; மற்றொன்று நிறம். இவற்றுள் எது குறைந்தாலும் எழுத்து மங்கும்.

எழுத்து மேற்பரப்புக்குக் கீழே இருப்பதால் கைபடுவதாலும் துணி உரசுவதாலும் அது எளிதில் தேயாது. தேய்வது அதைச் சுற்றியுள்ள தளமும் பள்ளத்தின் விளிம்புமே ஆகும். பொறித்த எழுத்து கெடும் வழிகள் நான்கு. முதலாவது, காப்பிடப்படாத கரி சிறிது சிறிதாக உதிர்வது. இரண்டாவது, கைப்பிசுக்கும் தூசியும் படிந்து தளம் கருமையடைவதால் நிற வேறுபாடு குறைவது. மூன்றாவது, தளத்தைப் புதுப்பிக்கும் நோக்கில் உப்புத்தாளால் தேய்க்கும்போது தளம் தாழ்ந்து பள்ளம் ஆழம் குன்றுவது. நான்காவது, தடித்த பூச்சு பள்ளத்தில் தேங்கி அதை நிரப்பிவிடுவது. இவற்றுள் முதலிரண்டும் காப்பின்மையால் வருவன. பின்னிரண்டும் காக்க முயலும் கையாலேயே வருவன.

இந்நான்கிலும் முதலில் பலியாவது புள்ளியே. 10 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தில் புள்ளியின் விட்டம் பெரும்பாலும் 1 அல்லது 2 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அடுத்து இடர்ப்படுவன ண, ன, ழ ஆகியவற்றின் சுழிகள். சுழியின் உள்ளே நிற்கும் மரம் சிறு தீவு போன்றது; நாரின் குறுக்கே மெல்லியதாக நிற்பதால் எளிதில் பெயர்ந்துவிடும். ‘ர’ என்னும் எழுத்தின் சாய்ந்த அடி தேய்ந்தால் அது துணைக்காலாகத் தோன்றும். பட்டறையில் பொறியை இயக்குபவர் தமிழ் அறியாதவராக இருக்கலாம். அவருக்குப் புள்ளியும் கரித்துகளும் ஒன்றுபோலவே தோன்றும். அதனால்தான் எழுத்தை அறிந்தவர் இத்தொழிலின் ஒவ்வொரு படியையும் அறிந்திருத்தல் வேண்டும் என்கிறோம்.

சுவடியின் பாடம்

பொறித்தபின் பூசுதல் நம் மரபுக்குப் புதியதன்று. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்து நிறமற்றது. அதன்மீது விளக்குக்கரியையோ பச்சிலைச் சாற்றையோ மஞ்சளையோ தடவித் துடைப்பர். கீறலில் மை நிற்கும், தளம் துலங்கும். பின்னர் ஓலை வறண்டு முறியாதிருக்க எண்ணெய் பூசுவர். எலுமிச்சைப்புல் எண்ணெய் இன்றும் சுவடி நூலகங்களில் இதற்குப் பயன்படுகிறது. கீறுதல், கருமையூட்டல், துடைத்தல், காப்பிடல் என்னும் இவ்வரிசையே மரத்துக்கும் உரியது. லேசர் கீறுதலையும் கருமையூட்டலையும் ஒரே செயலாக்கிவிட்டது. எஞ்சிய இரண்டும் இன்னும் கையால் செய்ய வேண்டியனவாகவே உள்ளன.

சுவடியிலிருந்து பெறும் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பதால் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். இதனால் மெய்யா, உயிர்மெய்யா என்பதையும், எகர ஒகரங்களின் குறில் நெடிலையும் படிப்பவர் இடம் நோக்கி உணர வேண்டியதாயிற்று. குறில் நெடிலை வடிவால் வேறுபடுத்திய திருத்தம் வீரமாமுனிவர் (1680–1747) பெயரால் வழங்கப்படுகிறது. சுவடியில் புள்ளி இல்லாமையைப் பயின்ற கண் ஈடுசெய்தது. பொதுவிடத்துப் பலகையைப் படிக்கும் சிறுவனிடம் அப்பயிற்சியை எதிர்பார்த்தல் இயலாது.

மரத்தைத் தேர்தல்

வெளிர்நிற மரத்தில் கரிய எழுத்து தெளிவாகத் தோன்றும். இந்நாட்டில் அதற்குப் பொருத்தமாகக் கிடைப்பது ரப்பர் மரம். 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 நாற்றுகளிலிருந்து இப்பகுதியில் ரப்பர் மரத்தின் வரலாறு தொடங்குகிறது. பின்னர் எழுந்த தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். பால் வற்றிய மரம் சுமார் 25 அல்லது 30 ஆண்டுகளில் வெட்டப்படும். முன்பு விறகான அம்மரம் இன்று அறைகலன் செய்யும் மரமாக மதிக்கப்படுகிறது. நம் முன்னோர் பால் வெட்டிய இனத்து மரத்தில் நம் எழுத்தைப் பொறிப்பது பொருத்தமானதே. எனினும் அது ஈரத்தில் பூஞ்சணம் பற்றும் இயல்புடையது; பூச்சிகளும் விரும்பி அரிக்கும். மருந்தூட்டிப் பதப்படுத்திய பலகையை வாங்கி, கட்டடத்தின் உள்ளே மட்டும் வைத்தல் நன்று.

தேக்கு உறுதியானது, ஆனால் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உடையது. அப்பசையின்மீது பூச்சு சரிவர ஒட்டாது. பூசுவதற்குச் சற்று முன்னர் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். ஒட்டுப்பலகையில் மேல்தகடு மெல்லியது. ஆழமாகப் பொறித்தால் கீழுள்ள பசை வெளிப்படும். பிவிசி மேலுறை ஒட்டிய பலகையை லேசரில் இடவே கூடாது. அது நச்சுத்தன்மையுள்ள குளோரின் சேர்ந்த புகையை வெளியிடும்.

பொறிக்கும் முன்னும் பின்னும்

தளத்தை வழவழப்பாக்கும் வேலையைப் பொறிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 220 என நாரின் போக்கிலேயே தேய்த்து வருதல் முறை. எண் கூடக்கூடத் தாளின் மணல் நுண்மையாகும். பின்னர்த் தளத்தின்மீது காகித ஒட்டுநாடாவை ஒட்டிப் பொறித்தால் புகைக்கறை நாடாவின்மீது படிந்து, நாடாவுடன் நீங்கிவிடும். நாடாவை உரிக்கும்போது சுழியின் உள்ளேயுள்ள சிறு துண்டுகளை மெல்லிய இடுக்கியால் எடுக்க வேண்டும். இழுத்துப் பிய்த்தால் மரத்தீவும் உடன்வரும்.

அடுத்தது தூய்மை செய்தல். பல் துலக்கும் மெல்லிய தூரிகையால் நாரின் போக்கில் உலர்வாகத் துலக்கி, உதிரும் கரியை நீக்க வேண்டும். தூசி உறிஞ்சியைப் பயன்படுத்துவதும் நன்று. பிசின் கறை எஞ்சியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சிறிதளவு நனைத்த துணியால் எழுத்தின் உள்ளிருந்து வெளிநோக்கி அன்றி, தளத்தை மட்டும் ஒற்றி எடுக்க வேண்டும். உள்ளிருந்து இழுத்தால் கரி தளத்தில் பரவும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். அடுப்பும் சுடரும் அருகில் இருத்தலாகாது. துடைத்தபின் பலகை முற்றும் உலர வேண்டும்.

முதற்பூச்சு: அரக்கு

உதிரும் கரியை நிலைநிறுத்துவதே முதற்பூச்சின் கடமை. இதற்கு ஏற்றது அரக்கு. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசினைத் தூய்மை செய்து ஆல்கஹாலில் கரைப்பதே ஷெல்லாக் எனப்படுகிறது. அரக்கு என்னும் பெயரும் பொருளும் தமிழர்க்குப் பழையன. மெழுகு நீக்கிய அரக்கு மரத்திலும் ஒட்டும். தன்மேல் வரும் பிற பூச்சுகளையும் தாங்கும். விரைவில் உலர்வதால் கரி கரைந்து பரவ நேரம் கொடாது. தூரிகையால் பலமுறை இழுப்பதைத் தவிர்த்து, தெளிப்பானால் இருமுறை மெல்லிய பனி படர்வதுபோலத் தெளித்தல் வேண்டும். தனியாக நிற்கும் ஆற்றல் அரக்குக்குக் குறைவு. வெப்பமும் ஆல்கஹாலும் அதைக் கெடுக்கும். ஆதலின் அதன்மேல் மற்றொரு காப்பு தேவை.

மேற்பூச்சின் வகைகள்

உராய்வைத் தாங்கும் ஆற்றலைக் கொண்டு மேற்பூச்சுகளை வரிசைப்படுத்தலாம்.

மெழுகு கடைநிலையில் நிற்பது. ‘மெழுகு’ என்னும் சொல் தமிழில் பெயராகவும் வினையாகவும் வரும். தேன்மெழுகு என்பது பொருள், தரையை மெழுகுதல் என்பது செயல். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகும். அது மென்மையானது, மெருகு தரும், கீறலைத் தடுக்காது. பள்ளத்தில் தேங்கிய மெழுகு உலர்ந்து வெளிறித் தோன்றும். கரிய புள்ளி வெள்ளைப் புள்ளியாவது இவ்வாறே. மெழுகு பூசுவோர் தளத்தில் மட்டும் துணியால் தடவி, பள்ளத்தைத் தூரிகையால் உடனே துலக்கிவிட வேண்டும்.

எண்ணெய் அடுத்த நிலை. ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிசனோடு சேர்ந்து இறுகும் இயல்புடையன. அவை மரத்தினுள் ஊறுவதால் பள்ளம் நிரம்பாது. கருமை மேலும் ஆழ்ந்து தோன்றும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் அவ்வாறு இறுகுவன அல்ல. பிசுக்காகவே நின்று தூசியை ஈர்க்கும். ஆகவே வீட்டில் கிடைக்கிறது என்பதற்காக அவற்றைப் பூசலாகாது. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி வைத்தால் அது தானே வெப்பமேறித் தீப்பற்றக்கூடும். அத்துணியை வெளியில் விரித்து உலர்த்துக. அல்லது நீர் நிரம்பிய உலோகக் கலத்தில் இட்டு மூடுக.

பாலியூரித்தேன் உராய்வுக்கு நன்கு ஈடுகொடுக்கும். எண்ணெய் அடிப்படையிலானது உறுதி மிக்கது. ஆயினும் நாளடைவில் மஞ்சளிக்கும். நீர் அடிப்படையிலானது நிறமின்றி நிற்கும், மணமும் குறைவு. ஆனால் நீர் பட்டால் மரத்தின் நார்கள் எழுந்து நிற்கும். அரக்கை முன்னே பூசியிருந்தால் இக்குறை தணியும். கைபடும் பெயர்ப்பலகைக்கும் கேடயத்துக்கும் நாம் பரிந்துரைப்பது அரக்கின்மேல் நீர்ப் பாலியூரித்தேன், மங்கலான மெருகுடையது. பளபளப்பான மெருகில் சிறு கீறலும் விளங்கித் தெரியும். விளக்கொளி பட்டுக் கண்ணைக் கூசச் செய்து படிப்பதையும் தடுக்கும்.

மேசைப்பலகையில் எழுத்து இருப்பின் பள்ளத்தில் அழுக்கும் உணவுத்துகளும் சேரும். அங்கு மட்டும் தெளிவான எப்பாக்சி பிசினால் பள்ளத்தை நிரப்பித் தளத்தோடு சமன்செய்தல் தகும். அப்போது உயர்வு தாழ்வு மறைந்து, நிற வேறுபாடே எழுத்தைத் தாங்கி நிற்கும். எனவே நிரப்புமுன் கருமை நிறைவாக உள்ளதா எனக் காண வேண்டும். எப்பாக்சி வெயிலில் மஞ்சளிக்கும். சமையலறை வெட்டுப்பலகைக்கு இவை எதுவும் வேண்டா. உணவுக்குத் தகுந்த கனிம எண்ணெயும் தேன்மெழுகும் போதும். எழுத்தைக் கத்தி படாத மறுபக்கத்தில் பொறிப்பதே அங்கு உண்மையான காப்பு.

பூசும் முறை

ஒரு தடித்த பூச்சைவிட மூன்று மெல்லிய பூச்சுகள் மேலானவை. மெல்லிய பூச்சு பள்ளத்தின் சுவரோடு படிந்து அதன் வடிவைக் காக்கும். தடித்தது பள்ளத்தின் அடியில் குளம்போலத் தேங்கும். பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையே 320ஆம் எண் தாளால் தளத்தை மட்டும் மென்மையாக உரசித் தூசியைத் துடைக்க வேண்டும். நீர்ப்பூச்சுக்கு முன்னர் இரும்பு நாரால் தேய்க்கலாகாது. எஞ்சும் இரும்புத் துகள் துருப்பிடித்துக் கறையாகும். பலகையின் முகத்தைப் போலவே முதுகையும் ஓரங்களையும் பூசுதல் வேண்டும். ஒருபுறம் மட்டும் பூசிய பலகை, ஈரத்தை மறுபுறம் ஏற்று வளையும்.

நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியோ கடந்தோ நிற்கிறது. மழைநாளில் அரக்கையும் லேக்கரையும் தெளித்தால் காற்றின் ஈரம் பூச்சுக்குள் அகப்பட்டு வெண்படலம் தோன்றும். மழை ஓய்ந்த, காற்றோட்டமுள்ள நேரத்தில், முகக்கவசம் அணிந்து பூசுதல் நன்று. தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வரும். முழுவதும் இறுகுவது வேறு. எண்ணெய்ப் பாலியூரித்தேன் முற்றும் இறுக ஏறத்தாழ 30 நாள் ஆகும். விழாவுக்கு முதல்நாள் பூசிய கேடயத்தை உறையிலிட்டால் உறையின் தடம் பதியும். ஆகவே விழாக்குழுவினர் நாள் குறிக்கும்போதே இக்கால இடைவெளியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வெயிலும் பேணுகையும்

ஆழ்ந்த கரி வெயிலில் வெளிறுவதில்லை. லேசாகச் சுட்டுப் பெற்ற பழுப்பு நிறம் வெளிறும். சுற்றியுள்ள மரமும் நிறம் மாறும். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும்போது எழுத்து கரைந்ததுபோலத் தோன்றும். வெளியில் வைக்கும் பலகைக்கு ஆழமாகப் பொறித்துப் பள்ளத்தில் கருவண்ணம் நிரப்புதல் நிலைபேறு தரும். ஒட்டுநாடா அகற்றப்படுமுன் அரக்கைத் தெளித்து, பின் வண்ணத்தைத் தெளித்து, அதன்பின் நாடாவை உரித்தால் வண்ணம் எழுத்தில் மட்டும் நிற்கும். மேற்பூச்சாகப் புற ஊதா ஒளியைத் தடுக்கும் வெளிப்புற வார்னிஷைப் பூசலாம். எந்த வெளிப்பூச்சும் நிலையானதன்று. மங்கத் தொடங்கும்போதே மேலும் ஒரு பூச்சு இட்டால் மரம்வரை தேய்க்க நேராது.

அன்றாடப் பேணுகைக்கு உலர்ந்த மெல்லிய துணி போதும். பிசுக்கு இருந்தால் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துக. கீறல் பூச்சளவில் நின்றால் அவ்விடத்தை 400ஆம் எண் தாளால் மெதுவாக உரசி மீண்டும் பூசலாம். மரம்வரை சென்ற கீறலைத் தேய்த்துப் போக்க முயன்றால் எழுத்தின் ஆழமும் போகும். அத்தகைய கீறலை அதே நிற மெழுகுக் கோலால் நிரப்பி விடுதலே நன்று. சிறு கீறல் இருந்தாலும் பலகையைப் படிக்க இயலும். புள்ளி போன பலகையைப் பிழையாகவே படிப்பர்.

பலகையைப் பெற்றுக்கொள்ளும் நாளில் செய்ய வேண்டிய செயல்கள் இரண்டு. முதலாவது, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, மூலப்படியோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளியையும் சுழியையும் எண்ணிப் பார்த்தல். சாய்ந்த ஒளியில் பள்ளத்தின் நிழல் விழுவதால் நிரம்பிய புள்ளி உடனே புலப்படும். இரண்டாவது, மரத்தின் பெயர், பூசிய பூச்சுகளின் பெயர், பூசிய நாள் ஆகியவற்றைத் தாளில் எழுதிப் பலகையின் பின்புறம் ஒட்டி வைத்தல். பத்தாண்டு கழித்துப் பலகையைப் புதுப்பிக்க வருபவர் தமிழ் அறியாதவராகவும் இருக்கலாம். அத்தாளை ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதி, முன்புறத்தின் நிழற்படம் ஒன்றையும் உடன் வைத்தால், எது எழுத்து, எது கறை என்பதை அவர் ஐயமின்றி அறிந்துகொள்வார்.